எலியும் இலையும்

"அம்மா, இலி டாக்டர் போயிட்டாங்க."

காலையில் ஓசூரிலிருந்து மகள் மேகலா போனில் சொன்னாள். குழந்தை வளர்ச்சி உளவியலாளர் வசந்தகுமாரி அம்மாவைத்தான் அவள் அப்படிச் சொல்வாள். பல மாதம் படுக்கையில் கிடந்தவர் தூக்கத்திலேயே அடங்கிவிட்டார். அழுதேன். கூடவே, "அப்பாடா, வலி தீர்ந்தது" என்றும் நினைத்தேன். கடைசியாக அவரைப் பார்த்து வந்தவர்கள் என்னைக் கோபிக்க மாட்டார்கள்.

'இலி' வந்த கதை இதுதான். மேகலாவுக்கு அப்போது நாலு வயது. நான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விடுவேன். மாரண்டஹள்ளி வீட்டில் நாளெல்லாம் அவளுக்குத் துணை, கன்னடம் பேசும் என் மாமனார். வெளியாட்கள் முன்னால் பிள்ளை வாயே திறக்காது. வெளியூரில் ஒரு மருத்துவர் படங்களைக் காட்டிச் சோதித்துவிட்டு, "அறிவு வளர்ச்சி கம்மி. சிறப்புப் பள்ளியில் போடுங்கள், வீட்டில் கன்னடத்தை நிறுத்துங்கள்" என்றார். அன்றிலிருந்து மாமனார் பேத்தியிடம் பேசுவதையே விட்டுவிட்டார். வீடு இழவு வீடு மாதிரி ஆயிற்று.

கடைசியாகத் தர்மபுரியில் வசந்தகுமாரி அம்மாவிடம் போனோம். அங்கும் படங்கள். "இலை எங்கே?" என்று புத்தகத் தமிழில் கேட்டார். மேகலா எலியைத் தொட்டாள். "எலி எங்கே?" இலையைத் தொட்டாள். வசந்தகுமாரி அம்மா நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதே தப்பு.

"வூட்டுல யாருங்க கன்னடம்?"

வெளியே நின்ற மாமனாரைக் காட்டினேன்.

"ஐயா, உள்ள வாங்க. நீங்களே கேளுங்க."

மாமனார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, பேத்தியைக் கொஞ்சும் குரலில், "இலி எல்லிதே, புட்டி?" என்றார். எலியைத் தொட்டாள். "எலெ?" இலையைத் தொட்டாள். அப்புறம் எடுத்த படமெல்லாம் சரி!

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "கன்னடத்துல எலிக்கு இலி, இலைக்கு எலெ. புள்ள கரெக்டாத்தான் காட்டியிருக்கா, நாமதான் தப்பாக் கேட்டோம். தப்பைக்கூட ஒரே மாதிரி பண்றவளுக்கு மூளை கம்மின்னு யாருங்க சொன்னது? ஐயா, நீங்க நிறுத்தாம பேசுங்க."

மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பஸ்ஸில் ஊர் வரும்வரை தாத்தாவும் பேத்தியும் வாய் மூடவில்லை.

எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை வீட்டுப் பேச்சிலேயே சோதித்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான். அதற்காகத் தாமே படம் வரைந்து வத்தல்மலை மேலிருக்கும் ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோனார். ஓவியம்தான் சுமார். அவர் வரைந்த பசுவைப் பார்த்து ஒரு சிறுமி, "இது நாயிங்களா?" என்றாளாம். "நீ பாஸ், நான் ஃபெயில்" என்று சொன்னதாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

என்னிடம் அடிக்கடி சொல்வார்: "டீச்சர், ஒரு தப்பை வச்சுத் தீர்ப்பு எழுதாதீங்க. அடுத்த தப்பு வர்ற வரைக்கும் பொறுங்க."

மேகலா இப்போது இரண்டு மொழியிலும் என் வாயை அடைக்கிறாள். வசந்தகுமாரி அம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பொறுமையை. இன்று வகுப்பில் ஒரு பெண், நான் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். வாய்வரை வந்த அதட்டலை விழுங்கிக்கொண்டு, "இன்னொண்ணு சொல்லு கண்ணு" என்றேன்.

சொன்னாள். அதுவும் அதே மாதிரித் தப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.