எலும்புக் கோப்பை

சித்தப்பா யார் வீட்டில் சாப்பிட்டாலும், கை கழுவிவிட்டு வந்து பீங்கானைக் கவிழ்த்து அடியில் என்ன முத்திரை இருக்கிறதென்று பார்ப்பார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிளாக்கர் வேலை அவருக்கு. அந்த வருடங்களில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகத் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தால் மற்றவர்கள் கட்டிலும் மேசையும் எடுப்பார்கள். சித்தப்பா பழைய பீங்கான்களை எடுப்பார். கலியாணமே முடிக்காதவனுக்குப் பன்னிரண்டு பேர் சாப்பிடும் பீங்கான் எதற்கு என்று அவருடைய அண்ணனான என் ஐயா கேட்டால், அது பழையது என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது புத்தூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். வைக்கோலுக்குள் ஆறு தேநீர்க் கோப்பைகளும் அவற்றை வைக்கும் ஆறு பீரிசுகளும் இருந்தன. வெள்ளையில் நீலப் பூ, விளிம்பில் பொன்கோடு. துரையின் பாட்டனார் காலத்துச் சாமானாம். அலுமாரிக்குள் பூட்டி வைக்கக்கூடாது, நாளாந்தம் புழங்கவேண்டும், அதுதான் பழைய பீங்கானுக்கு மரியாதை என்று அம்மாவுக்குக் கட்டளையிட்டார். அம்மாவுக்கும் அவை பிடித்துத்தான் இருந்தன. மூன்று நாள் எல்லோரும் அவற்றிலேயே குடித்தோம்.

நான்காம் நாள் சித்தப்பா தன் வாயாலேயே காரியத்தைக் கெடுத்தார். வெறுங்கோப்பை ஒன்றை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதற்குப் பின்னால் விரல்களை அசைத்துக் காட்டினார். விரல்களின் நிழல் இந்தப் பக்கம் தெரிந்தது. வெறும் மண்ணில் இப்படி வராது, மாட்டெலும்பைச் சுட்டெடுத்த சாம்பலைப் பாதிக்குப் பாதி கலந்தால்தான் வரும் என்று பெருமையோடு சொன்னார். அம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டில் முட்டைகூட வாசல் தாண்டியதில்லை. அன்று பின்னேரம் நாங்கள் எல்லோரும் தலைமுழுகினோம், சித்தப்பா உட்பட.

கொழுந்தன் ஆசையாகக் கொண்டுவந்ததை எறிய அம்மாவுக்கு மனமில்லை. அதனால் கோப்பைகள் பின்வளவுக்குப் போயின. ஐந்தைப் பீரிசுகளோடு பெட்டிக்குள் வைத்து மூடிக் கொட்டில் பரணில் ஏற்றினார்கள், ஒன்றை மட்டும் மாட்டுக்கொட்டிலில் ஆணியடித்து மாட்டினார்கள். மாட்டெலும்பு மாட்டிடமே போய்ச் சேர்ந்துவிட்டது என்றார் ஐயா.

எங்கள் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்த செல்லனுக்கு அதுவரை தேங்காய்ச் சிரட்டையில்தான் தேத்தண்ணீர். வீட்டுச் சாமானைத் தொடக்கூடாத சாதி என்று அவரை வைத்திருந்தார்கள். கிணற்றிலும் அவர் அள்ளக்கூடாது, நாங்கள்தான் வார்க்கவேண்டும். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு என் வாயில் ‘அவன்’தான். வீட்டில் ஒருவரும் தொடாத கோப்பை அவருக்கென்று ஆனது. ஆக, சித்தப்பாவின் கட்டளைப்படி அதை நாளாந்தம் புழங்கியவர் செல்லன் ஒருவர்தான். குடிக்குமுன் அதை வெயிலில் உயர்த்தி, உள்ளே தேத்தண்ணீர் எதுவரை நிற்கிறதென்று வெளியிலிருந்தே பார்ப்பார். எனக்கு வயிறு எரியும். நான் பித்தளை மூக்குப்பேணியில் அண்ணாந்து குடிக்க, செல்லனுக்கு நீலப்பூக் கோப்பையா?

ஐப்பசியில் கந்தசட்டி வந்தது. அம்மா ஆறு நாளும் விரதம். செல்லனும் விரதம். என் வயதில் அவருக்கு ஒரு மகள் இருந்தாள். மாதக்கணக்காகக் காய்ச்சலில் கிடந்தாள். அவளுக்காக நேர்ந்து, விரதத்துக்கென்று புதுச்சட்டி வாங்கி, இரவில் மட்டும் சோறு சாப்பிட்டார். பகலில் வெறும் தேத்தண்ணீர். அந்தப் பட்டினியோடுதான் எங்கள் மண்ணைக் கொத்தினார்.

ஆறாம் நாள் தேத்தண்ணீர் கொண்டுபோனது நான். அவர் பாதி குடித்திருப்பார். செல்லனும் வேண்டாமென்று விட்டால் கோப்பைக்கு ஆளில்லாமல் போகும், கொட்டிலுக்குப் பின்னால் வைத்து நான் விளையாடலாம் என்று எனக்குத் தோன்றியது.

“செல்லன், உது மாட்டெலும்பிலை செய்தது. அதுதான் நாங்கள் உதிலை குடிக்கிறேல்லை.”

அவர் குடிப்பதை நிறுத்தினார். மிச்சத்தை மண்ணில் ஊற்றினார்.

“நாச்சியாருக்குத் தெரியுமோ?” என்று கேட்டார். அம்மாவைத்தான் அப்படிச் சொல்வார்.

“ஓம். தெரிஞ்சுதான் இஞ்சை மாட்டினவ.”

“நான் விரதமெண்டும் தெரியும்,” என்றார். அதற்கும் ஓம் என்றேன்.

தண்ணீர் வார்க்கச் சொன்னார். கிணற்றில் அள்ளி, வாளி அவர் கையில் முட்டாமல் உயரத்தில் பிடித்து வார்த்தேன். வாய் கொப்பளித்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். ஒரு வாளி முடிந்து இன்னொரு வாளி அள்ளினேன். பிறகு கோப்பையையும் கழுவி அதே ஆணியில் மாட்டினார்.  

“என்ரை விரதம் போச்சுது, பிள்ளை.”

அவர் கண் கலங்கியிருந்தது. வளர்ந்த ஆம்பிளை அழுவதை நான் அதற்குமுன் கண்டதில்லை. எனக்குப் பாவமாகிவிட்டது. ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று விளங்கியது, என்ன பிழை என்று விளங்கவில்லை. பள்ளிக்கூடச் சோதனையில் தவறிய பிள்ளைகளுக்கு எங்கள் ரீச்சர் சொல்லும் ஆறுதல் ஒன்று நினைவில் இருந்தது. அதையே அவருக்கும் சொன்னேன்.

“அடுத்த வருசமும் கந்தசட்டி வரும்தானே, செல்லன். அப்ப பிடிக்கலாம்.”

செல்லன் என்னைப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப்பிறகு எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை. துரைமாரின் கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தும் நன்றியில்லை என்று அம்மா கன நாள் சொல்லித் திரிந்தார். நான் வாய் திறக்கவில்லை. கோப்பை எனக்குக் கிடைத்திருந்தது. மாரி முழுவதும் அதில் மண்சோறு காய்ச்சி விளையாடினேன்.

விளையாடும்போது இடைக்கிடை செல்லனின் நினைவு வரும். நல்ல ஆறுதல்தான் சொல்லியனுப்பினேன் என்று நினைத்துக்கொள்வேன். அந்த மகளுக்கு அடுத்த வருசம் என்று ஒன்று இருந்ததா என்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் விசாரிக்கவில்லை. அப்படியொரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை.