பாதி மடங்கிய விரல்

சுண்டுவிரலை மடக்கி, "பேட்டரி ஏழாயிரம், இது உறுதி, அக்கா" என்கிறாள் அமலா. மோதிர விரலை மடக்கி, "சார்ஜர் எம்பது வாட். ரெண்டு பேரு சொல்லிட்டானுங்க" என்கிறாள். நடுவிரலுக்கு வரும்போது ரயில் பங்காரப்பேட்டையில் நிற்கிறது. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் முட்டிக்கொள்கிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "நாலு வருசம் அப்டேட்டு குடுப்பான்" என்று கூவுகிறாள். கடைசியில் ஆள்காட்டி விரல். அது மட்டும் முழுதாக மடங்காது. பாதி வளைந்து கொக்கி மாதிரி அப்படியே நிற்கும். "முன்னாடி கேமராவாண்ட லைட்டு வெக்கிறான்னு ஒருத்தன் சொல்றான், இல்லேன்றான் இன்னொருத்தன். இது மட்டும் தெரியட்டும். அதுவரைக்கும் யாரும் அவசரப்படாதீங்க."

இப்படியே ஐந்து மாதம் போய்விட்டது.

அவள் பேசுவது இன்னும் கடைக்கே வராத ஓர் ஆண்ட்ராய்டு போனைப் பற்றி. கம்பெனிக்காரன் அதைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயர்கூட நிச்சயமில்லை. அதனால் அமலாவே அதற்கு 'வரப்போறவன்' என்று பெயர் வைத்துவிட்டாள். "வரப்போறவன் எடை கொஞ்சம் கூடுறானாம்", "வரப்போறவன் பச்சைக் கலர்லயும் வரானாம்" என்று தினமும் காலையில் ஒரு சேதி. துபாயிலிருந்து தம்பி வருகிறான் என்று நினைத்துக்கொண்டு, புதிதாக ஏறிய ஒரு பெண் "எந்த ஃபிளைட்டு?" என்று கேட்டதும் உண்டு.

அமலாவுக்கு நாற்பத்து மூன்று வயது. மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டி, மைசூர் மைன்ஸில் வீடு. ஒயிட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே பதினோரு பெண்கள். அதே கட்டடத்தின் நான்காவது மாடியில் குழந்தைகள் காப்பகத்தில் நான் டீச்சர். அவள் மாரிக்குப்பத்திலேயே ஏறி ஜன்னலோரம் பிடித்துவிடுவாள், நான் அடுத்த ஸ்டேஷன் சாம்பியனில் ஏறுவேன். எனக்கு ஓரிடம் போட்டு வைத்திருப்பாள். அந்த நன்றிக்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது மாடியில் காபி மெஷின் பக்கத்தில் இன்ஜினியர் பையன்கள் பேசிக்கொள்வதுதான் அவளுக்கு மூலச் செய்தி. அங்கே தரை எப்போதும் பளபளவென்று இருப்பதற்கு அதுதான் காரணம் என்று எனக்குச் சந்தேகம். கேட்டதையெல்லாம் அப்படியே நம்புகிறவளும் இல்லை. "பாத்தவன் சொன்னதா, கேட்டவன் சொன்னதா, பொழுது போவாதவன் சொன்னதா?" என்று தரம் பிரிப்பாள். யூடியூபில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம் வகையில் சேர்ந்தார்கள். ஆனாலும் அவர்கள் ஒவ்வொருவருக்கும் கீழே அவள் ஒரே கேள்வியை எழுதிப் போடுவாள்: 'சார், இந்த போன் முன் கேமரா இருட்டில் முகம் தெரியுமா?' இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அவள் வாங்காமல் இருந்தால் நமக்கென்ன என்று விட்டுவிடலாம். எங்கள் பெட்டியில் யாரையும் வாங்க விடமாட்டாள் என்பதுதான் தொல்லை. பியூட்டி பார்லரில் வேலை செய்கிற வின்னியின் போனில் கண்ணாடி தூள் தூளாகி, செல்லோடேப் ஒட்டி வைத்திருந்தாள். விரலில் கீறல் விழாமல் அவளால் ஒரு நம்பர் அழுத்த முடியாது. என்னுடைய போனின் பேட்டரி உப்பி, பின்மூடி திறந்துகொண்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தேன். மாலூர் தாண்டினால் அது அணைந்துவிடும். பண்டிகை ஆஃபரில் வின்னி வாங்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அமலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போ, வாங்கினு வா. அடுத்த மாசம் அதே காசுக்கு வரப்போறவன் வந்து நிப்பான். அப்போ என் மூஞ்சில முழிக்காத."

வின்னி வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை. படித்தவள், ஐம்பத்திரண்டு வயதானவள், நானே வாங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "எதுக்கெடுத்தாலும் இரு இருன்றியே அமலா, யாரு உனக்கு இதைக் கத்துக்குடுத்தா?"

"எங்க வீட்டுக்காரருதான்."

சிவகுமார் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். அவரா என்று கேட்டேன்.

"மொத மாப்பிள்ளையா வந்தாரு, தலையாட்டிட்டேன். வெத்தலை பாக்கு மாத்தி பதினோரு நாளுதான்க்கா ஆச்சி. ரயில்வேல வேலை செய்யறவரு வீட்லேர்ந்து பொண்ணு கேட்டு வராங்க. குவாட்டர்ஸு, பாஸு, எல்லாம் கீது."

"இப்போ சிவகுமார்கிட்ட இன்னா குறை?"

"ஒண்ணியும் இல்ல. நல்ல மாடலுதான். ஆனா அடுத்த மாசம் இன்னா வருதுன்னு பாத்துட்டு தலையாட்டியிருக்கலாம் இல்ல?"

பெட்டியே சிரித்தது. எனக்கு மட்டும் எரிச்சலாக வந்தது. அன்று சாயங்காலமே ஆண்டர்சன்பேட்டையில் துரை கடைக்குப் போய், இருந்ததில் ஒன்றைக் கைகாட்டி வாங்கிவிட்டேன். பத்து நிமிட வேலை. ஐந்து மாதமாக இதற்கா தவம் கிடந்தேன் என்று என் மேலேயே கோபம் வந்தது. ஆனால் மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. புதுப் போனைக் கைக்குட்டையில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் தயிர்சாத டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு, ரப்பர் பேண்டு போட்ட பழைய போனைக் கையில் ஏந்தியபடி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று வாரம் இப்படி ஒளித்தேன். கெட்டது செய்தவர்கள்கூட இவ்வளவு பயந்து நடக்கமாட்டார்கள்.

அப்போதுதான் அவளுடைய கான்டிராக்டரிடமிருந்து அந்தச் சேதி வந்தது. அவர்களுக்கு வருகைப்பதிவு போனில்தான். ஒரு ஆப் இருக்கிறது. வேலை இடத்தில் நின்று முகத்தைக் காட்ட வேண்டும், அது அடையாளம் கண்டுகொண்டால் பச்சை டிக் விழும். வருகிற ஒன்றாம் தேதி முதல் பழைய போன்களில் அந்த ஆப் திறக்காது என்று எழுதியிருந்தான். டிக் விழாவிட்டால் ஆப்சென்ட். மூன்று ஆப்சென்ட் விழுந்தால் சூப்பர்வைசர் வேலை வேறு ஆளுக்கு. அமலாவின் போன் ஏழு வருடப் பழசு. சேதியைப் படித்துவிட்டு, நிதானமாக விரலை மடக்க ஆரம்பித்தாள்.

"இருபத்தெட்டாம் தேதி வரப்போறவன் வரான்னு பேச்சு. மூணு நாலு நாளு டைம் கீது."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வேலை போவப் போவுது, நீ லைட்டு வருதா, கலர் வருதான்னு விரலை மடக்கினு கீறே! நாளைக்கே போய் ஏதாவது ஒண்ணு வாங்கு!"

"சும்னே கத்தாதீங்கக்கா" என்றாள் கன்னடமும் தமிழுமாக. "நீங்க தரைத்தளத்துல கார்டு காட்டிட்டு உள்ள போயிடுறீங்க. நாங்க பி-த்ரீல எறங்கி மூஞ்சி காட்டணும். பார்க்கிங்குக்கு அடியில, மூணாவது பேஸ்மென்ட். அங்க இருக்கிறது ஒரே டியூப்லைட்டு, அதுவும் போயி ஆறு மாசம் ஆவுது. எழுதிக் குடுத்தாச்சி, யாரும் வரல. இருட்டுல எம் மூஞ்சி அதுக்குத் தெரியல. நாட் மேட்ச்டு, நாட் மேட்ச்டுன்னே சொல்லுது."

"அப்போ இத்தினி நாளு எப்டி?"

"காரு வரும் இல்ல? ராம்ப்பு எறங்கி வளையறப்போ ஹெட்லைட்டு நேரா மூஞ்சில அடிக்கும். அந்த ரெண்டு செகண்டுல கண்ணாடியைக் கழட்டி, தலையைத் தூக்கி, ரெண்டு தடவை கண்ணு சிமிட்டிடணும். டிக்கு வுழுந்துரும். வெள்ளிக்கிழமைதான் பேஜாரு. பாதிப் பேரு வீட்லேர்ந்தே வேலை செய்றான், காரே வராது."

டார்ச் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். போனைத் தவிர அவர்கள் கையில் எதுவும் இருக்கக் கூடாதாம், பையெல்லாம் மேலே கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். மற்ற பெண்கள் ஒருவர் முகத்துக்கு ஒருவர் போன் வெளிச்சம் அடித்துக்கொள்கிறார்கள், டிக் விழுந்ததும் நிற்காமல் உள்ளே போய்விட வேண்டும். அவர்களையெல்லாம் அனுப்பிவிட்டுக் கடைசியில் நிற்கிறவள் சூப்பர்வைசர். அவளுக்கு அடிக்க ஆளில்லை.

"எங்கப்பா சுரங்கத்துல கேஜ்ல ஏறி லெவலுக்கு எறங்கினாரு, நான் லிஃப்ட்டுல ஏறி பி-த்ரீக்கு எறங்கறேன்" என்றாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "ஒரே ஒரு வித்தியாசம்க்கா. அவருக்குத் தலையில லைட்டு குட்த்தாங்க."

அதைக் கேட்டதும் என் கோபம் அடங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்னும் ஏறியது. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை. ஒரு டியூப்லைட் மாற்ற ஆளில்லாத இடத்துக்காக, இவள் ஊர் பேர் தெரியாத கம்பெனிக்காரன் முன்பக்கம் விளக்கு வைப்பானா என்று ஐந்து மாதமாகக் காத்துக்கொண்டிருக்கிறாள். எங்களையும் சேர்த்துக் காக்க வைத்திருக்கிறாள்.

இருபத்தெட்டாம் தேதி மதியம் வரப்போறவன் வந்தேவிட்டான். சாயங்கால ரயிலில் அமலாவே சேதி சொல்வாள் என்று பார்த்தோம். வின்னிதான் கேட்டாள், "இன்னாச்சிக்கா?" அமலா கையை நீட்டிக் காட்டினாள். மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. பேட்டரி, சார்ஜர், அப்டேட் எல்லாம் வதந்தியில் சொன்னபடியே. ஆள்காட்டி விரல் மட்டும் நேராக நிமிர்ந்து நின்றது. முன்பக்க லைட்டு இல்லை. ஒயிட்ஃபீல்டு முதல் தேக்கல் வரை அந்த விரல் அப்படியே இருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் நானே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துரை கடைக்குப் போனேன். வரப்போறவன் ஆண்டர்சன்பேட்டைக்கு வர இன்னும் பத்து நாள் ஆகும் என்றார் துரை. இருந்ததில் நாலைந்தை எடுத்துக் காட்டினார். அமலா ஒவ்வொன்றையும் கவுண்டருக்கு அடியில் கொண்டுபோய், குனிந்து, இருட்டில் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"சீக்கிரம் முடி அமலா, கடை சாத்தப் போறாரு."

"இருங்கக்கா. அடுத்த மாசம் இன்னொருத்தன் வரான்னு…"

"அடுத்த மாசம் உனக்கு வேலையே இருக்காது!"

நான் கத்திய கத்தலில் துரை பயந்து, பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, என்னைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சர், உங்க புது…" என்று ஆரம்பித்தார். எனக்கு அப்போது ஓர் இருமல் வந்தது. என் ஆயுசில் அப்படி இருமியதில்லை. அவர் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது அமலா நடுவாந்தரமான ஒன்றைத் தள்ளி வைத்து, "இது போடுங்க" என்று முகத்தைச் சுளித்தாள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டாள். கல்யாணத்துக்குத் தலையாட்டியபோதும் இப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது.

மறுநாள் ஒன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. வாங்க வைத்தவள் நான். டிக் விழுவதைப் பார்க்காமல் என் மாடிக்குப் போக மனம் வரவில்லை. என் கார்டைக் காட்டி, சாப்பாட்டுப் பையோடு அவள் கூடவே லிஃப்டில் இறங்கினேன். பன்னிரண்டு வருடமாக அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறேன், பி-த்ரீயை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். பெட்ரோல் நாற்றமும் ஈரமும் அடித்தன. தூண்களுக்கு நடுவே இருட்டு. பதினோரு பெண்களும் உள்ளே போய்விட்டிருந்தார்கள். தரையில் மஞ்சள் கோடு, அதன்மேல் அமலா, கையில் புதுப் போன்.

புதுப் போன் என்பதால் மூன்று முறைதான் விடுமாம். தப்பினால் அன்றைக்கு ஆப்சென்ட். முதல் முறை நாட் மேட்ச்டு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இரண்டாவது முறையும் நாட் மேட்ச்டு. ஏழு இருபத்தெட்டு. ஏழரைக்குள் டிக் விழ வேண்டும். நாங்கள் இருவரும் ராம்ப்பைப் பார்த்தோம். ஒரு சைக்கிள்கூட வரவில்லை.

"நான் சொன்னேன் இல்லக்கா" என்றாள். மூன்றாவது முறை அழுத்தாமல் போனைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள்.

என் பழைய போன் வழக்கம்போல மாலூரிலேயே உயிரை விட்டிருந்தது. வேறு வழியில்லை. பையைத் திறந்து, தயிர்சாத டப்பாவைத் தூக்கி, கைக்குட்டையை உதறி, புதுப் போனை எடுத்து டார்ச்சைப் போட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். வெளிச்சத்தில் கண் கூசி ஒரு கணம் திகைத்தாள். பிறகு கார் வந்துவிட்டது மாதிரியே கண்ணாடியைக் கழற்றி, தலையைத் தூக்கி, இரண்டு தடவை கண் சிமிட்டினாள். பச்சை டிக் விழுந்தது.

அப்புறம்தான் என் கையில் இருந்ததைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். "ஆஃபர்ல… துரைதான்…" என்று நான் உளறினேன். அவள் கிட்டே வந்து, அதை என் கையிலேயே திருப்பிப் பின்பக்கத்தை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இதுவா? இன்னும் கொஞ்ச நாளு பொறுத்திருந்தா இதே காசுக்கு…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்கு நேரே வலது கையைத் தூக்கி, ஐந்து மாதமாக மடங்காத ஆள்காட்டி விரலை மெதுவாக, உள்ளங்கையைத் தொடும்வரை மடக்கினாள்.