நாக்கில் வைத்த மண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டின் கடுங்கோடையில்தான் அவள் அவரை முதன்முதலாகப் பார்த்தாள். கிணறு வெட்ட அவள் கேட்டிருந்த கடனுக்காக நிலத்தைப் பார்வையிட வங்கி மேலாளராக வந்திருந்தார். பக்கத்து நிலம் அவருடையது. வங்கி வேலை கிடைத்ததும் அதைக் குத்தகைக்கு விட்டவர், பத்தாண்டுகளாக எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆயினும், "நான் முதல்ல விவசாயி, அப்புறந்தான் மேனேஜர்" என்று சொல்லாமல் எந்த நாற்காலியிலும் உட்காரமாட்டார்.

உடன் வந்த அலுவலரிடம் தம் பெருமையை அளந்துகொண்டே நடந்தவர், தேய்ந்துபோன வரப்பைத் தாண்டியதைக் கவனிக்கவில்லை. குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். முகம் சுளித்துத் துப்பினார்.

"ஒரே உப்பு! இதுல கிணறு வெட்டி என்னம்மா பண்ணப்போற?"

"ஐயா, நீங்க நிக்கிறது உங்க நிலம். என்னோடது வரப்புக்கு அந்தப் பக்கம்."

அலுவலர் சிரிப்பை அடக்க இருமினார். மேலாளரின் காதுகள் சிவந்தன.

"எனக்கே என் நிலத்தைக் காட்டுறியா?" என்றவர், அவளது நிலத்தின் எண்ணை எழுதி, 'உவர் நிலம், கடனுக்கு ஏற்றதன்று' என்று குறித்துக்கொண்டார்.

எந்த வங்கிக்குப் போனாலும் அந்த ஒரு வரி அவளுக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது. கிணறு இல்லை, வானத்தைப் பார்த்தே விதைத்தாள். மகளின் படிப்பு பாதியில் நின்றது.

அவரோ அந்த நாக்கை வைத்தே மேலே ஏறினார். 'மண்ணைச் சுவைத்தே மகசூல் சொல்பவர்' என்று சுவரொட்டிகள் முழங்க, மூன்று முறை மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். அவர் வாக்குக் கேட்டு வரும்போதெல்லாம் அவள் வாசலில் நின்றாள்.

"மேனேஜரே, அந்த வரியை எப்ப அடிப்பீங்க?"

"ஜெயிச்சதும் முதல் வேலை அதுதான், தங்கச்சி."

"போன தடவையும் இதே வாய்தான் சொல்லுச்சு. அந்தப் பேச்சையும் நாக்குல வச்சுப் பாருங்க, உப்பு இருக்கான்னு."

கூட்டம் சிரித்தது. அவர் கும்பிட்டபடியே அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

கடைசியில் அவர் மருத்துவமனைக் கட்டிலில் விழுந்தார். மருத்துவர்கள் ஒரு வாரம் கெடு வைத்திருந்தார்கள். அவருடைய மகன் நின்ற தேர்தலுக்கோ இன்னும் மூன்று வாரம் இருந்தது. சுவரெல்லாம் மறுபடியும் அதே நாக்கின் புகழ். 'அன்று நான் சோதித்தது என் நிலத்து மண்' என்று தன் மகளைக்கொண்டு எழுதவைத்த கடிதத்துடன் அவள் போய் நின்றாள்.

"குணமானதும் பார்த்துக்கலாமே, தங்கச்சி?"

"உங்களுக்குக் குணம் வர்றதா இருந்தா இத்தனை வருஷத்துல வந்திருக்கும். போடுங்க."

அறை நிறைய ஆள்கள் இருந்தார்கள், மறுக்க வழியில்லை. கையெழுத்திட்ட பிறகுதான் மேலே இருந்த அன்றைய தேதி அவர் கண்ணில் பட்டது. தாளின் நுனியை இறுகப் பற்றிக்கொண்டார். அவள் விரல் விரலாகப் பிரித்துத் தாளை எடுத்து மடித்துக்கொண்டாள். அன்று மாலையே அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. கடைசியாக அவர் வாய்விட்டுக் கேட்டது, கதவை நோக்கி நடந்த அவளிடம்தான்:

"தங்கச்சி, தேதியை மட்டும் தேர்தலுக்கு அப்புறமா மாத்திக்கிறியா?"