மாரியம்மனுக்குப் பேசிவைத்த என் கூந்தல்

இலங்கையில் கலவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணம் ஆகும்வரை கொழுந்துக் கூடையின் கயிறு என் உச்சந்தலையில்தான் கிடந்தது. நனைந்த கொழுந்து நிறைந்த கூடை பின்னால் இழுக்கிற இழுப்பில் கழுத்து வலிக்குமே தவிர, தலைத்தோல் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில் கித்துல்கலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அங்கே கூடையும் இல்லை, கயிறும் இல்லை. மரங்களுக்கு அடியில் புல் வெட்டுகிற வேலை. இனித் தலைக்கு ஓய்வு என்று நினைத்துக்கொண்டேன். வந்த சில வாரத்திலேயே தலை வலிக்க ஆரம்பித்தது.

தலைவலி என்று சொன்னால் தப்பு. உள்ளே ஒன்றுமில்லை, மேல்தோல்தான் வலித்தது. முடியைத் தொட்டால் வலி. சீப்பு வைத்தால் வலி. தலையணையில் சாய்ந்தால் மயிர்க்கால் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்று என்னைத் திட்டியது. ஈ வந்து உட்கார்ந்தால்கூட அது எந்தக் காலை முதலில் வைத்தது என்று தெரிந்தது.

என் முடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடக்கமாகச் சொன்னால் இடுப்புக்குக் கீழே. உண்மையைச் சொன்னால் முழங்காலைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் முதலில் பின்னலைத்தான் பார்த்தார், முகத்தை அப்புறம் போனால் போகிறதென்று பார்த்தார். நகை என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

வலிக்கிறது என்று வாயைத் திறந்ததும், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் முழுக்க வைத்தியர்கள் கிளம்பிவிட்டார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா பேன் என்றார். என்னை வாசலில் உட்காரவைத்து நெடுநேரம் தேடி, ஒன்றுகூட அகப்படாமல், என்னமோ நான் ஏமாற்றிவிட்ட மாதிரி கோபித்துக்கொண்டு எழுந்து போனார். இன்னொருவர் பொடுகு என்று வெந்தயம் அரைத்து அப்பினார். ஈரத் தலையோடு கொண்டை போடுகிறாயா என்று ஒருவர், சவர்க்காரத்தை மாற்றினாயா என்று ஒருவர். டிஸ்பென்சரி ஐயா வெள்ளை மாத்திரை கொடுத்து, வெயிலில் நிற்காதே என்றார். ரப்பர் மரத்தடியில் வெயில் எங்கே இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஈரப்பலாக்காய் விற்க வரும் சிங்களக் கிராமத்து அம்மா, கோமாரிகா என்று சொல்லிக் கற்றாழை மடல் ஒன்றை உடைத்துத் தேய்த்துவிட்டார். அது நிஜமாகவே குளிர்ச்சியாக இருந்தது. காய்ந்த பிறகு முடிதான் விறைத்து விளக்குமாறு மாதிரி நின்றது.

அத்தை என்று நான் கூப்பிடும் என் மாமியார் மட்டும் இது எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. வெயில் அடிக்கிற நாட்களில் எனக்கு வலி கூடுவதையும் மழை பிடித்துக்கொண்டால் வலி குறைவதையும் அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். அப்படியானால் இது சூடு. சூடு யார் கையில் இருக்கிறது? மாரியம்மன் கையில். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நிம்மதியாகப் பால் விடாத தேயிலைச் சாயத் தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார்:

"நேந்துக்கிட்டேன் புள்ள. தல வலி போயிருச்சுன்னா திருவிழாவுக்கு ஒன் முடிய எறக்குறதா ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலை என்னுடையது, முடி என்னுடையது, பேச்சுவார்த்தை மட்டும் அவர்கள் இருவருக்குள்ளேயே முடிந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அரைத்த மிளகாய்ச் சம்பல் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்களையும் தும்மவைத்தது. அத்தை அதைக் கவனிக்கவே இல்லை. அவருக்கு என் தலையைத் தவிர வேறு நினைப்பில்லை. அந்த வாரம் கடைக்குப் போகும் வழியில், ஆற்றில் வெள்ளைக்காரர்கள் ரப்பர் படகில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு கூச்சல் போட்டபடி போனார்கள். அத்தை நின்று பரிதாபமாகப் பார்த்து, பாவம், இவர்களுக்கும் தலையில் வலி இருக்கிறது போல என்றார்.

பிறகு அடைமழை வந்தது. மழையில்தான் எனக்குப் புத்தி வந்தது.

என் கணவர் பால் வெட்டுகிறவர். முதல் நாள் வெட்டிய கோட்டில் கசிந்து உறைந்த ரப்பர் பால், மறுநாள் காலையில் நீளமான நாடாவாக மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டுப்பால் என்பார்கள். அதை உரித்துப்போட்ட பிறகுதான் புதிதாக வெட்டுவார்கள். மற்றவர்கள் அதைச் சாக்கில் திணித்து நிறுவைக்குக் கொடுப்பார்கள். இவர் அதிலே நீளமான, அறுந்துபோகாத நாடாவாகப் பார்த்துப் பொறுக்கி, சட்டைப் பையில் சுருட்டி வைத்து எனக்குக் கொண்டுவருவார். ஊரில் மற்ற புருஷன்மார் பெண்டாட்டிக்குப் பூ வாங்கிக் கொடுப்பார்கள். எனக்கு வாய்த்தவர் ஒட்டுப்பால் கொடுத்தார். பூ வாடிப்போகும், இது வாடாது என்று விளக்கம் வேறு. புதுப் பெண்டாட்டிக்கு அதுவே இனித்தது. இழுத்து இழுத்துப் பல சுற்றுச் சுற்றி, உச்சியில் கோபுரம் மாதிரி கொண்டை போட்டுக்கொள்வேன். கழற்றினால் முடியையும் சேர்த்துப் பிடுங்கும் என்பதால், அடுத்த நாடா வரும்வரை தூங்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை.

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லாவிட்டால் புது நாடாவும் இல்லை. அந்த அடைமழையில் பழைய நாடா அறுந்துபோக, நான் முடியைத் தளர்த்திப் பின்னிக்கொண்டு திரிந்தேன். வலி மெல்லமெல்லப் போய்விட்டது. வெயில் வந்தது. இவரும் சிரித்துக்கொண்டே புது நாடாவோடு வந்தார். ஆசையாகக் கட்டினேன். பொழுது சாய்வதற்குள் மயிர்க்கால்கள் பழையபடி திட்டத் தொடங்கின. நாடாவை ஒரு கொத்து முடியோடு உரித்தெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாரியம்மனுக்கு இதில் சம்பந்தமே இல்லை.

கொண்டையை விட்டேன். தேங்காய் எண்ணெயை விரல் நுனியால் மெதுவாகத் தடவினேன். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்தேன். சில நாளில் பூரண குணம். துள்ளிக் குதித்திருக்க வேண்டியவள் வாயை மூடிக்கொண்டேன். வலி போனால் முடியும் போகுமே.

கணவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். தன் அன்பளிப்புதான் காரணம் என்றதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். பிறகு இருவரும் சேர்ந்து, வலி இருக்கட்டும் என்று முடிவுசெய்தோம். அன்றிலிருந்து நான் நடிக்க ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, வலி இருந்த காலத்தைவிட இல்லாத காலத்தில்தான் நன்றாக முனகினேன். விரல் பட்டால் எனக்கு வலிக்கும் என்று அத்தை கோழி இறகால் எண்ணெய் தொட்டுத் தலையில் தடவுவார். கூச்சத்தில் சிரிப்பு வரும். அதையும் முனகலாக மாற்றிக்கொள்வேன்.

வலி போகவில்லை என்றதும் அத்தை நேர்த்திக்கடனைக் கூட்டினார். முடியோடு ஒரு சேவலும் என்றார். அதற்கும் ஆத்தா இரங்கவில்லை. ஒரு நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இந்தப் பிள்ளைக்குக் குணமானால் என் மகன் தீ மிதிப்பான் என்று சொல்லியிருக்கிறேன் என்றார். மகனுக்குப் புரையேறியது. கைகழுவ வெளியே வந்த என் பின்னாலேயே வந்து மெதுவாகச் சொன்னார்:

"நீ வலிக்குதுன்னே சொல்லிக்கிட்டு இரு புள்ள. ஆயுசுக்கும் சொல்லு."

இப்படியே திருவிழாவைத் தாண்டியிருப்போம். அத்தைதான் கெடுத்தார். இராச் சாப்பாட்டை விட்டார், பிறகு பகல் சாப்பாட்டையும் குறைத்தார். விரதமாம், எனக்காக. ரவிக்கை தொளதொளத்தது. ஒரு சாயங்காலம், மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் தண்ணீர் பிடித்து வாளியைத் தூக்கியவர் தலைசுற்றி அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"ஒங்கம்மா நல்ல தலையோட அனுப்பிவச்சாங்க. எங்க வீட்டுக்கு வந்து இப்பிடி ஆயிருச்சு. அவுங்களுக்கு நான் என்னான்னு பதில் சொல்லுவேன்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த நிமிடம்வரை அவர் என் முடிக்கு எதிரி என்றுதான் நினைத்திருந்தேன். அங்கேயே, ஈரப் பாவாடையோடு, ஒட்டுப்பாலில் தொடங்கி முனகல்வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தை ஐந்து விரலையும் என் தலையில் வைத்து அழுத்திப் பார்த்தார். இடம் மாற்றி இன்னும் பலமாக அழுத்தினார். வலிக்கலங்க அத்த என்றேன். அழுதார். அழுதுகொண்டே என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வீட்டுக்கு வந்து, சட்டியில் இருந்த சோற்றை ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும், அப்ப திருவிழாவுக்கு முடி எறக்கிறலாம் என்றார்.

குணமாக்கியது சாமி இல்லை, நான்தான் ரப்பரைக் கழற்றினேன் என்று வாதாடினேன்.

"கழட்டணும்னு ஒனக்குத் தோண வச்சது யாரு?"

கணவர் எனக்காகப் பேச வாயெடுத்தார். ரப்பரக் கொண்டாந்தவன் பேசக் கூடாது, அவன் தீயில நடக்கட்டும் என்று அத்தை முடித்துவிட்டார். திருவிழா அன்று சாயங்காலம் அவர் நடக்கவும் செய்தார். ஓடினார் என்பதுதான் சரி. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒரு வாரத்துக்குப் பார்க்கிறவர்களிடமெல்லாம் உள்ளங்காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

முடி இறக்கியது அன்று காலையில். கோயிலுக்குப் பின்னால் ஓடைக்கரையில் முடி மழிக்கும் பரியாரி சாக்கு விரித்திருந்தார். நான் போய்க் குனிந்து உட்கார்ந்தேன். பின்னலை அவிழ்த்ததும் முடி மடியில் விழுந்து, சாக்கில் புரண்டு, புல்வரை போனது. அதைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. பரியாரி தண்ணீர் தெளித்துக் கத்தியை எடுத்தார்.

"எந்திரி" என்றார் அத்தை.

எனக்குப் புரியவில்லை. என் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு அந்தச் சாக்கில் அவர் உட்கார்ந்துகொண்டார். கொட்டைப்பாக்கு அளவுக் கொண்டையை அவிழ்த்துவிட்டு, கோயில் பக்கம் திரும்பி, கடைக்காரரிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"ஆத்தா, இவளக் கேக்காம வாய விட்டது நானு. என்னுத எடுத்துக்க."

கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இருந்தது அவ்வளவுதான். நான் சந்தனத்தைக் குழைத்து அவர் தலையில் பூசினேன். முடி போனபின் அந்தத் தலை எவ்வளவு சின்னதாக இருந்தது என்று என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. எனக்கு மறுபடியும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை பதறிப்போய்த் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் புள்ள, திரும்பவும் தல வலிக்குதா?"