சிங்களத்தில் விழுந்த கடவுச்சொல்

எங்கள் பள்ளிக்கூட அதிபர் நல்ல மனிதர். கணினி முன்னால் உட்காராதவரைக்கும்.

யுத்தம் முடிந்த கையோடு நன்கொடையாக வந்த பழைய கணினி ஒன்று அவர் மேசையில் இருந்தது. வைரஸ் தொல்லை பொறுக்காமல் நான்தான் அதற்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதனால் அது தும்மினாலும் என்னைத்தான் கூப்பிடுவார். கற்பிட்டிப் பாதையில் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியை நான் ஒருத்திதான்.

அன்றைக்கு எனக்கு உயிர் போகிற அவசரம். என் ஊரான சிலாபத்துக்கு இடமாற்றம் கேட்டிருந்தேன். அதிபரின் கடிதம் அன்று பின்னேரத்துக்குள் புத்தளம் கல்வி அலுவலகத்தில் இருக்க வேண்டும். விடிய முதல் பஸ் ஏறி, பொழுதுபடத் திரும்பி, இரண்டு வருடமாக அலைகிறேன். என் மூன்று வயது மகள் பக்கத்து வீட்டு அன்ரியை "அம்மா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். அதைக் கேட்ட நாள் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன்.

"கடிதம் அடிச்சிட்டன் டீச்சர், உள்ளுக்குத்தான் இரிக்கி," என்றார் அதிபர். "ஆனா இந்தச் சனியன் உள்ள விடுதில்ல."

கடவுச்சொல்லை அடித்தார். பிழை என்றது. மறுபடி அடித்தார். மறுபடி பிழை.

"மறந்திட்டீங்களா சேர்?"

"அல்லாஹ்வே! ரெண்டு வருஷமா அடிக்கிற சொல்ல மறப்பனா?"

என்ன சொல் என்று கேட்டால் சொல்ல மாட்டார். பெண்பிள்ளைகளிடம் சொல்லுகிற சொல் இல்லையாம். எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

படம் எதுவும் இல்லாத கறுப்புத் திரைக்குப் போய், அங்கே அடிக்கச் சொன்னேன். ஒரே தடவையில் உள்ளே விட்டது. அப்படியென்றால் சொல் சரி. வண்ணத் திரையில்தான் கோளாறு. திரும்பி வந்தால் பழையபடி பிழை. கடவுச்சொல் பெட்டியில் வெறும் புள்ளிகள்தானே தெரியும். அவர் விரல் எதை அடிக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

"சேர், பெயர் போடுற பெட்டியில அந்தச் சொல்ல அடிங்க. எழுத்துத் தெரியும்."

"தெரியுமா? அப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். அலுமாரிக் கண்ணாடி இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

"யா அல்லாஹ், எல்லாம் சிங்களத்தில வருது டீச்சர்!"

எனக்கு நானே குட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. திரையின் மூலையில் மொழிக்குறி சிங்களத்தைத்தான் காட்டிக்கொண்டு நின்றது. விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டேன். "இப்ப அடிச்சுப் பாருங்க சேர்." அடித்தார். மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணாடியில் வாசித்தேன். அவர் வீட்டில் ஆட்சி யாருடையது என்று விளங்கியது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அதையே கடவுச்சொல் பெட்டியில் அடித்ததும் கணினி திறந்துவிட்டது. ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சேர், விசைப்பலகைய ஆர் சிங்களத்துக்கு மாத்தினது?"

"நான்தான், நேத்து. ஒரு கடிதம் அடிக்க."

பள்ளிக்கூடத்துச் சிங்களக் கடிதம் எல்லாம் அடிப்பது நான். சிலாபத்துக்காரி, எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவருக்கோ சந்தைச் சிங்களம். எனக்குத் தெரியாமல் அப்படி என்ன கடிதம்? அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. எட்டி மௌஸைப் பிடித்து அந்தக் கடிதத்தைத் திறந்தேன்.

என் இடமாற்றக் கடிதம்தான். இந்த ஆசிரியை மிகவும் திறமையானவர், இவர் போனால் கணினி அறையைப் பூட்ட வேண்டியதுதான், ஆகவே...

"நீங்க போனா இதை ஆர் டீச்சர் திறக்கிற?" என்றார், தலையைக் குனிந்தபடி. "அதான், விட வேணாமெண்டு எழுதின. பொய்யா எழுதியிரிக்கன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பக்கூடப் பார்த்தேன். ஆனாலும் கடைசி வரியை முழுதாக வாசித்தேன். "லபா நொதென லெச" என்று இருக்க வேண்டும். இடமாற்றத்தை வழங்காதிருக்கும்படி என்று அர்த்தம். மனிதர் "லபா தென லெச" என்று அடித்திருந்தார். அந்த ஒரு "நொ" விழுந்துவிட்டது. ஆகவே இடமாற்றத்தை வழங்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறாராம்!

"பிழை ஏதும் இரிக்கா டீச்சர்? கோவிக்காம பாத்துச் சொல்லுங்க."

இன்னொரு தரம் வாசித்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"ஒரு எழுத்தும் மாத்தத் தேவையில்ல சேர்."

அச்செடுத்தேன். கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், கடித உறையில் வைத்து ஒட்டித் தன் கையாலேயே நீட்டினார். நான் கோபிக்காததில் அவருக்கு அவ்வளவு நிம்மதி.

"போயிட்டு வாங்க டீச்சர்."

"போயிட்டு வாறன் சேர்," என்றேன். தினமும் சொல்வதுதான். அன்றைக்குச் சொல்ல நாக்குக் கூசியது.