தம்பியின் ஈரலை அளந்த ஒளி

விதி ஏழு, உட்பிரிவு இரண்டு: தானமாகப் பெறும் ஈரலில் உள்ள கொழுப்பை ஒளிமானியால் அளந்து குறித்த பிறகே, அதை ஏற்பதா தள்ளுவதா என்று அறுவை மருத்துவர் எழுத வேண்டும். திருநெல்வேலியில் நான் நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற மருத்துவமனையின் ஆய்வுத் திட்டத்தில் உள்ள விதி இது. தட்டச்சு செய்ததும் நான்தான். ஓர் ஒற்றுப்பிழைகூடக் கிடையாது. மீறுகிறவர் எதை மீறுகிறோம் என்று தெரிந்தே மீறும்படி அவ்வளவு தெளிவாக இருக்கும்.

இங்கே வான்கூவரில், மகள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில், இறைச்சிப் பொட்டலத்தின் மேல் கொழுப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறார்கள். செத்த மாட்டுக்கு அந்த மரியாதை உண்டு. ஒருநாள் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஈரல் மஞ்சளோடிக் கிடந்தது. "இது கொழுப்பா, உங்கள் விளக்கு வெளிச்சமா?" என்று கடைக்காரப் பெண்மணியிடம் கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் பதறிப்போய், "சாரி சார், சாரி" என்று அதைத் தூக்கிக் கழிவுத் தொட்டியில் எறிந்துவிட்டு, வேறொன்றைப் பொதிந்து நீட்டினார். புகார் எழுதும் முன்பே மன்னிப்பு வந்துவிடும் நாடு இது. ஆனால் ஈரல் தொட்டியில் விழுந்த அந்தச் சத்தத்தைக் கேட்டதும், அவர் நீட்டியதை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

என் தம்பி முத்தையா சீவலப்பேரியில் நெல் போட்டிருந்தான். ஆற்றில் மணல் அள்ளும் லாரிகளை மறிப்பான். நான் இங்கிருந்து எழுதி அனுப்பும் மனுக்களில் கையெழுத்திட்டுக் கொடுப்பான். ஒருமுறை போனில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, லாரிக்காரன் என்ன சொல்லுதான் தெரியுமா? ஏலே, ஒன் ஈரக்கொலய உருவி மாலையாப் போட்டிருவேங்கான். 'சரிக வச்சுக் கட்டும்வே'ன்னுட்டு வந்துட்டேன்." அதையும் ஒரு மனுவாகப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். ஒப்புகை அட்டை பத்திரமாகத் திரும்பி வந்தது.

சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு முந்தின நாள், சாமிக்குப் படைக்கும் சாராயத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். மூன்று பேர் காத்திருந்தார்கள். முதல் வெட்டு, தடுத்த கையில் விழுந்து இரண்டு விரல்களைத் துண்டாக்கியது. அடுத்தது தலையில் இறங்கியது. விழுந்தவனுக்கு அடியில் பாட்டில் நொறுங்கி, சட்டையும் வேட்டியும் சாராயத்தில் ஊறின. அதற்குப் பிறகும் வெட்டினார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஷட்டர்களை இறக்கிக்கொண்டார்கள்.

வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காதவன் அவன். கொடை சமயத்தில் எங்கள் பக்கத்தில் ஒருவன் பாட்டிலோடு போனால், சாமிக்கா ஆசாமிக்கா என்று கேட்டுவிட்டுத்தான் முகம் சுளிப்பார்கள். அவனைக் கொண்டுபோனது என் பழைய மருத்துவமனைக்குத்தான். அங்கே அவசரப் பிரிவு மருத்துவர் வெளியூர்க்காரர், கேட்கவில்லை. "கடும் மது வாடை" என்று எழுதினார். ரத்தத்தைச் சோதித்திருக்கலாமே என்பீர்கள். மாதிரி எடுப்பதற்குள் உடம்பில் ஓடியது பெரும்பாலும் ஏற்றிய ஊரார் ரத்தம்.

நான்காம் நாள் மூளைச்சாவு என்றார்கள். இங்கிருந்து போனில் உறுப்புகளைக் கொடுக்கச் சொன்னது நான். தம்பி மனைவி செல்லம்மா தயங்கினாள். எல்லா நடைமுறையும் எனக்குத் தெரியும், பயப்படாதே என்றேன். சிறுநீரகங்கள் இருவருக்குப் போயின. ஈரலை வெளியே எடுத்த மருத்துவர் வாடைக் குறிப்பைப் படித்திருந்தார். விளக்கடியில் ஒரு பார்வை பார்த்தார். "குடியால் கொழுத்த ஈரல்" என்று எழுதித் தட்டில் தள்ளினார்.

அந்த ஒளிமானி பேனா பருமனில் ஒரு கம்பி. ஈரலைத் தொட்டால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே விடும். கொழுப்பு அந்த ஒளியின் சில அலைநீளங்களை விழுங்கும், தண்ணீர் வேறு சிலவற்றை. திரும்பி வருவதை வைத்துக் கொழுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடும். அதற்கு வாடை தெரியாது. மஞ்சள் பை எதற்கென்றும் தெரியாது. தெரியாமலிருப்பதுதான் அதன் தகுதி.

வெட்டியவர்களின் வக்கீல் "குடியால் கொழுத்த ஈரல்" என்ற ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டார். குடிகாரன்தான் முதலில் பாய்ந்தான், வந்தவர்கள் தற்காத்துக்கொண்டார்கள் என்றார். மூவரும் ஜாமீனில் வந்து செல்லம்மா வீட்டு வாசலில் வெடி போட்டார்கள்.

"அத்தான், நீங்க சொன்னியன்னுதானே கையெழுத்துப் போட்டேன்," என்றாள் போனில். "வெட்டுனவன் உசுரத்தான் எடுத்தான். ஆஸ்பத்திரிக்காரங்க அவிய பேரயும்லா எடுத்துட்டாங்க."

அளவு எங்கே என்று கேட்டு ஆறு மனுக்கள் போட்டேன். என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். "அண்ணாச்சி, நீங்க இருக்கயில எத்தன பேருக்கு 'பரிசீலனையில் உள்ளது'ன்னு எழுதச் சொல்லிருப்பிய? இப்பம் ஒங்களுக்கே அத எழுதக் கை கூசுதுல்லா. பைய வரும், பொறுங்க," என்றார். அந்த வாசகத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். ஏழாவது மனுவில் விதி ஏழு, உட்பிரிவு இரண்டை முழுதாக எடுத்தெழுதி, நகலை நீதிமன்றத்துக்கும் அனுப்பினேன்.

இங்கே ஒன்பது மணிக்கும் வெளிச்சம் அடங்காத ஒரு கோடை மாலையில், மின்னஞ்சலில் பதில் வந்தது. அளவு எடுக்கப்பட்டிருக்கிறது. மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டுப் போன பிறகு, ஒரு தொழில்நுட்பப் பெண், படிவத்தில் கட்டம் காலியாக இருக்கிறதே என்று தட்டில் கிடந்த ஈரலைப் பதினொரு இடங்களில் தொட்டு அளந்திருக்கிறாள். கொழுப்பு எல்லைக்கு வெகு கீழே. இன்னொருவருக்குப் பொருத்தியிருக்கலாம். கொழுப்பில்லாததாலேயே ஒருவன் குடிக்காதவன் ஆகிவிட மாட்டான். அது எனக்கும் தெரியும். ஆனால் அவனைக் குடிகாரன் என்று எழுதியவருக்கு, பாட்டில் உடைந்த வாடையை விட்டால், இருந்த ஒரே சாட்சி அந்தக் கொழுப்புதான். அது இல்லை.

செல்லம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் அழுதாள். சற்று நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டு, "நம்ம வக்கீல் கோர்ட்டுல குடுக்கணுமாம். என்னைக்கு வந்துச்சுன்னு கேக்காரு, அத்தான்" என்றாள்.

எழுதிக்கொள்ளச் சொன்னேன். பதில் பெற்ற நாள்: சீவலப்பேரியில் ஆடி முதல் தேதி, வெள்ளிக்கிழமை, நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வியாழன், ஆனி இன்னும் முடியவில்லை.