ஐஸ் பிளான்ட்டிலிருந்து வந்த பெருவிரல்

சேவியர் சேட்டன் பதினாலு பவுண்டு பவுலிங் பந்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். பெருவிரல் பந்தின் துளைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. பள்ளுருத்தியிலிருந்து பஸ்ஸில் அப்படியே வந்திருக்கிறார்.

முந்தின நாள் அந்தத் துளையைப் போட்டவன் நான்தான். எழுபதுகளில் மட்டாஞ்சேரியில் காதர் பாயின் லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். கப்பல் சாமான்கள்தான் எங்களுக்குப் பழக்கம். பவுலிங் பந்தெல்லாம் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

சேட்டனுக்குப் பகலில் ஐஸ் பிளான்ட்டில் வேலை. சாயங்காலம் துறைமுகத்துக் கிளப்பில், கப்பல்காரர்கள் பந்தை உருட்டிச் சாய்க்கிற, பாட்டில் மாதிரியான மரப் பின்களை நிமிர்த்தி அடுக்குவார். வருஷக்கணக்காக அடுக்கிய மனுஷன் ஒருநாளும் உருட்டியதில்லை. ஊருக்குத் திரும்பிய ஒரு கப்பல் இன்ஜினியர், துளை போடாத புதுப் பந்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். சொந்தப் பந்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆடலாம் என்று கிளப் செகரட்டரியும் சொல்லிவிட்டார். விடிந்தால் ஞாயிறு.

பந்தோடு வந்த ஸ்பெக் தாளை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். ஸ்பான் என்றால் பெருவிரல் துளைக்கும் மற்ற இரண்டு துளைக்கும் உள்ள தூரம். பிட்ச் என்றால் துளையின் சாய்வு. வெர்னியரில் விரல்களை அளந்து, தாளில் உள்ளபடியே டிரில் போட்டேன். அன்று சேட்டனும் விரலை விட்டுப் பார்த்து, "வெண்ண போல போகுது மோனே" என்று சிரித்தார்.

வீட்டில் விரலை விட்டபோது இறுக்கமாக இருந்ததாம். விடாமல் அமுக்கியிருக்கிறார். சோப்பு, தேங்காய் எண்ணெய் எதுவும் பலிக்கவில்லை. விரல் வீங்கிக்கொண்டே போனது.

"பந்த அறுத்துர வேண்டியதுதான்" என்று ஹாக்ஸாவை எடுத்தார் பாய்.

"எண்டெ விரலு போனாலும் சாரமில்ல. பந்தத் தொடண்டா பாய்!" சேட்டன் கண்ணில் தண்ணீர்.

"நேத்து சரியாத்தானே இருந்துச்சு சேட்டா?" என்றேன்.

"நேத்து ஐஸ் சுமந்திட்டல்லே நேரா இங்க வந்தது!"

பாய் என்னை முறைத்தார். நான் அளந்தது குளிரில் சுருங்கிப்போன விரலை!

மூவரும் ஐஸ் பிளான்ட்டுக்கு ஓடினோம். நொறுக்கிய ஐஸில் பந்தோடு கையைப் புதைத்தோம். சேட்டன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் விரல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நல்லவேளை, சின்னத் துளையைப் பெரிதாக்கலாம். பட்டறைக்குத் திரும்பி, சேட்டன் கையில் சூடாகச் சாயா கிளாஸைக் கொடுத்து, குடித்து முடித்து வீக்கமும் வடிந்தபின் மறுபடி அளந்து ரீமர் ஓட்டினேன். ஸ்பெக் தாளில் விரலின் அளவை எழுத இடம் இருக்கும். அந்த விரல் எந்த வேலையிலிருந்து எழுந்து வந்தது என்பதை ஆளிடம்தான் கேட்க வேண்டும். பிற்பாடு யாருக்கு எதை அளந்தாலும் அதைக் கேட்காமல் நான் வெர்னியரைத் தொட்டதில்லை.

ஞாயிறன்று சேட்டன் இரண்டு தடவை உருட்டியதில் ஆறேழு பின் சாய்ந்தன. நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள், பழக்க தோஷத்தில் பின்களை அடுக்க ஓடினார். பாய் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னைக்கு நீங்க ஆடுற ஆளு. இங்கயே நில்லுங்க."

நான் போய் அடுக்கினேன். "அது கோணலாணு மோனே, கொஞ்சம் இடது!" என்று அங்கிருந்தே சத்தம் போட்டு வேலை வாங்கினார் சேட்டன்.